கைடு மட்டுமே பல்கலைக்கழகம் இல்லை

கேட்கப்பட்டது இதுதான்: வரலாற்றுத் துறையில் முழுநேர பிஎச்.டி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் முதல் பட்டதாரி. நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியும் மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கைடை, அதாவது ஆய்வு நெறியாளரை, பார்க்கப் போனால் "அடுத்த வாரம் வாம்மா" என்கிறார். தலைப்பு, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஏரிப் பாசனம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்தால் அழுகை வருகிறது. விட்டுவிடலாமா? பல்கலைக்கழகத்தில் யாரிடம் உதவி கேட்பது? கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்களா?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஒன்றிரண்டு பேர் முகம் சுளிக்கலாம். இருக்கட்டும். நீங்கள் கேட்கப் போகிற எதுவும் யாரோ மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை. முக்கால்வாசி எழுத்தில் உள்ள விதி. விதியைத் தெரிந்துகொண்டு கேட்பவரிடம் அலுவலகம் பேசும் விதமே வேறு.

நான் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிற இணைப் பேராசிரியர். என்னிடம் இப்போது ஐந்து பேர் பிஎச்.டி. செய்கிறார்கள். நானும் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. நான் ஆய்வு செய்த காலத்தில் என் கைடு உடல்நலமில்லாமல் ஐந்து மாதம் விடுப்பில் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்த பிறகும், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பாரோ என்ற பயத்தில் அவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட்டேன். இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. ஒருநாள் கட்டண ரசீது விஷயமாக ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த உதவியாளர் அம்மா என் கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்க டி.சி. மீட்டிங் மினிட்ஸ் ஒண்ணுகூட இல்லையேம்மா, வருஷம் ரெண்டாகப் போகுதே?" என்றார். அப்படி ஒரு குழு எனக்காக இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். கைடுதான் பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த அம்மாவின் மேசைதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே முதல் வேலை, உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிமுறைக் கையேட்டை இணையதளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படிப்பது. கூடவே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளையும் படியுங்கள். முப்பது பக்கம்கூட இருக்காது. சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு, மொத்தம் பத்துக்கு மிகாமல். எட்டு மாதம் வீணாகிவிட்டதே என்கிற பதற்றத்தை இந்தக் கணக்கே பாதி குறைக்கும். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அதே விதிமுறையில்தான் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு வருகிறது. நம் ஊரில் டாக்டரல் கமிட்டி, சுருக்கமாக டி.சி. என்போம். கைடு அதன் அமைப்பாளர். ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் அந்தக் குழுவின் முன் உட்கார்ந்து, என்ன செய்தேன், அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்று குழு நினைத்தால், ஏன் போதவில்லை, எப்படிச் சரிசெய்வது என்று எழுதித் தர வேண்டும். பலர் இதைப் பரீட்சை மாதிரி நினைத்து நடுங்குகிறார்கள். கைடைத் தவிர உங்கள் தலைப்பைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கடமைப்பட்ட மூத்தவர்கள் வேறு யாருக்கு இருக்கிறார்கள்? வரலாற்று ஆய்வுக்குப் பொருளியல்காரர் ஒருவர் குழுவில் இருந்தால், ஏரிக் கணக்கை எப்படி அட்டவணையாக்குவது என்று பத்தே நிமிடத்தில் காட்டிவிடுவார். எட்டு மாதத்தில் உங்களுக்கு ஒரு கூட்டமாவது நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் "ஐயா, டி.சி. மீட்டிங்குக்குத் தேதி சொன்னால் அறிக்கை தயார் செய்கிறேன்" என்று கேளுங்கள். இதில் குறை சொல்கிற தொனியே இல்லை. வேலை தொடங்கிவிடும்.

இப்போது கைடு. "அடுத்த வாரம் வா" என்பதை உங்கள் மேல் உள்ள அக்கறையின்மை என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. இதற்கு மேல் வகுப்பு, விடைத்தாள் திருத்தம், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வேலை. வெறுங்கையோடு வந்து "சார், என்ன செய்யணும்?" என்று நிற்கிற மாணவருக்கு அவர் ஒரு மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் அவரிடம் இல்லாததால்தான் அடுத்த வாரம். என்னிடம் வருபவர்களிடமும் நான் இதைச் செய்திருக்கிறேன், வருத்தத்தோடுதான் சொல்கிறேன். யாருக்குச் சட்டென்று நேரம் ஒதுக்குகிறேன் என்று யோசித்துப் பார்த்தால், கையில் ஒரு தாளோடு வருபவர்களுக்கு.

அந்தத் தாள் ஒரே பக்கம் இருக்கட்டும். உங்கள் தலைப்பையே வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

"இந்த இரண்டு வாரம்: கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட மேனுவல் (1878), ஃபிரான்சிஸ் தொகுத்த கெசட்டியர் (1906) இரண்டிலும் பாசன அத்தியாயங்களைப் படித்துக் குறிப்பெடுத்தேன், குறிப்பு நான்கு பக்கம் இணைத்துள்ளேன். சிக்கல்: இரண்டு நூல்களும் ஏரிகளை ஒரே விதமாக எண்ணியிருக்கின்றனவா என்று உறுதி செய்ய முடியவில்லை. ஐயாவிடம் கேட்பது: (1) ஆய்வுக் காலத்தை 1858 குடிமராமத்துச் சட்டத்தில் தொடங்கி 1906இல் முடிக்கலாமா? (2) ஆவணக் காப்பகத்துக்கு அறிமுகக் கடிதம் வேண்டும். வரைவு இணைத்துள்ளேன், கையெழுத்து மட்டும் போதும்."

இவ்வளவுதான். இதைப் படிக்க அவருக்கு மூன்று நிமிடம். ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை, இன்னொன்றுக்கு ஒரு கையெழுத்து. நின்றுகொண்டே முடித்துவிடுவார்; பெரும்பாலும் உட்காரச் சொல்லிப் பேசவும் ஆரம்பித்துவிடுவார். பேசி முடித்த அன்று மாலையே, "இன்று சொன்னபடி காலத்தை 1858–1906 என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன், ஐயா" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்ற பேச்சு வராது. டி.சி. அறிக்கை எழுதும் நாளில் அந்த மின்னஞ்சல்களை வரிசையாக வைத்தாலே அறிக்கை பாதி தயார்.

இத்தனையும் செய்து பார்த்தும் மாதக் கணக்கில் அவர் கிடைக்கவில்லை என்றால் துறைத் தலைவரிடம் பேசலாம். இணை நெறியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவும், தேவைப்பட்டால் நெறியாளரையே மாற்றிக்கொள்ளவும் விதிமுறைக் கையேட்டில் வழி இருக்கும். அந்தப் பக்கத்தை இப்போதே மடித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது மாதத்தில் எடுக்க வேண்டிய ஆயுதம் இல்லை.

பணம். இதில் கூச்சமே வேண்டாம். சாப்பாட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்தால் 42,000. மூன்று மாதம் என்றால் ஒரு லட்சத்துக்கும் மேல் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது. பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். கனரா வங்கி நடத்தும் யு.ஜி.சி. உதவித்தொகை இணையதளத்தில், இவர் இந்த மாதம் ஆய்வில் இருக்கிறார் என்று உங்கள் பல்கலைக்கழகம் மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்றுவார், அவருக்கு மேக்கர் என்று பெயர். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார், அவர் செக்கர். இரண்டில் ஒருவர் விடுப்பில் போனாலோ, மாற்றலாகிப் போய்ப் புதியவருக்கு உள்நுழைவு வராமல் இருந்தாலோ, அந்த மாதம் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் நிற்கும். நான் பார்த்த வரையில் டெல்லியில் நின்ற பணத்தைவிட இந்த இரண்டு மேசைக்கு நடுவில் நின்ற பணம்தான் அதிகம். எனவே யு.ஜி.சி.க்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போடுவதற்கு முன் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், "என் பெயருக்கு எந்த மாதம் வரை கன்ஃபர்மேஷன் போயிருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். போகும்போது விருதுக் கடிதம், பணியில் சேர்ந்த அறிக்கை, ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். மனுவாகக் கொடுத்தால் தபால் பிரிவில் முத்திரை போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். உங்களைப் போலவே காத்திருக்கும் மற்ற ஸ்காலர்களைச் சேர்த்துக்கொண்டு ஐந்து பேராகப் போனால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

மாதத் தொகை போக கண்டிஞ்சென்சி என்று ஒன்று உண்டு. கலை, சமூக அறிவியல் பிரிவுக்கு முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500 ரூபாய். புத்தகம், நகலெடுப்பு, களப்பயணம் இதற்கெல்லாம் பயன்படும். பில் இல்லாமல் கிடைக்காது. நகலெடுக்கும் கடையில் இருநூறு ரூபாய் கொடுத்தாலும் பில் கேட்டு வாங்குங்கள். ஒரு பழைய உறையில் போட்டு வைத்தால் மார்ச் மாதம் தேடி அலைய வேண்டாம். விடுதியில் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டு முடிகிற நேரத்தில் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கு மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். இரண்டையும் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், நீங்கள்தான் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். உதவித்தொகை இல்லாத தோழிகள் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனித்தனியே தேசிய ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன; தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறது; வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர்., சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தனியாக ஃபெல்லோஷிப் அறிவிக்கின்றன. பல்கலைக்கழகத்தின் எஸ்.சி./எஸ்.டி. பிரிவு என்ற பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போய்க் கேட்பவர்கள் குறைவு. இந்த அறிவிப்புகள் அங்கே வரும்.

அடுத்தது நூலகம். மாணவர் உதவிச் சேவை என்றால் நம் மனதில் கவுன்சலிங் அறைதான் வருகிறது. ஆய்வாளருக்கு மிகப் பெரிய உதவிச் சேவை நூலகம். நாம் புத்தகம் எடுக்க மட்டும் போகிறோம். நூலகரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். "இதுதான் என் தலைப்பு, எனக்குத் தேடக் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்கிற மாணவர் வந்தால் நூலகர்களுக்கு வரும் மகிழ்ச்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் மாணவி ஒருத்தியை அப்படி அனுப்பினேன். மதியம் இரண்டு மணிக்குப் போனவள் ஆறு மணிக்கு வந்தாள். ஷோத்கங்காவில் தன் தலைப்புக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்த பதினொரு ஆய்வேடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நூற்பட்டியலை மட்டும் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மற்றவர்கள் எந்தெந்த ஆவணத்தைத் தொட்டார்கள், எதைத் தொடவில்லை என்பது ஒரே மாலையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் தலைப்பைப் பற்றிப் பேசிய குரலே மாறிப்போயிற்று.

ஷோத்கங்கா யு.ஜி.சி.யின் இன்ஃபிளிப்நெட் மையம் இணையத்தில் நடத்தும் ஆய்வேட்டுத் தொகுப்பு. யாரும் இலவசமாகப் படிக்கலாம். வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும். உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் உங்களுக்கும் உண்டு. விடுதியிலிருந்து எப்படி உள்நுழைவது என்று நூலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையும் நூலகத்தில்தான் நடக்கும். திருட்டு எழுத்து பற்றிய யு.ஜி.சி. விதி 2018இல் வந்தது. பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்கு ஆய்வேட்டைத் தர முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. கடைசி மாதத்தில் இந்த எண்ணைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க, முதல் அத்தியாயம் எழுதியவுடனேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறிப்பெடுக்கும்போதே பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதும் பழக்கம் இருந்தால் இந்தப் பயமே வராது. நமக்கு நடக்கும் பெரும்பாலான 'திருட்டு' நோட்டுப் புத்தகத்தில்தான் நடக்கிறது: ஆறு மாதத்துக்கு முன் எழுதி வைத்த அழகான ஆங்கில வாக்கியம் நம்முடையதா, புத்தகத்தினுடையதா என்று மறந்துவிடும்.

உங்கள் தலைப்புக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இன்னொரு வீடாக வேண்டும். அந்தச் செங்கல் கட்டிடம் 1909இல் கட்டியது. ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள், மாவட்டப் பதிவேடுகள், அரசாணைகள் எல்லாம் அங்கே. கைடின் கடிதம், அடையாள அட்டை கொண்டுபோய் அனுமதி வாங்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் கிடைக்காது, மனம் தளராதீர்கள். முதலில் இன்டெக்ஸ் தொகுதியில் ஏரி, மராமத்து என்று ஆங்கில எழுத்துக்கூட்டலின் எல்லா விதத்திலும் தேட வேண்டும்; ஒரே சொல்லை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். எண்ணைக் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். நாடாவை அவிழ்க்கும்போது ஓரம் பொடிப்பொடியாக உதிரும், அதனால் பேனா வேண்டாம், பென்சில். கட்டுகளை எடுத்து வரும் ஊழியர்களிடம் முதல் நாளே உங்கள் தலைப்பைச் சொல்லிவிடுங்கள். இருபது வருடமாக அந்த அலமாரிகளுக்கு நடுவில் நடப்பவர்கள். "போன வருஷம் ஒரு தம்பி இதே ஏரி விஷயமாத்தான் பார்த்தாரு, அந்தக் கட்டையும் எடுத்துப் பாருங்க" என்பார்கள். எந்த இன்டெக்ஸிலும் கிடைக்காத தகவல் அது.

அப்படியே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுக்கு அதைப் போல வேறு இடம் இல்லை. கன்னிமாரா நூலகத்தையும் விடாதீர்கள்: 1896இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய வைப்பு நூலகங்களில் ஒன்று. சென்னைக்கு வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் ரயில் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், அதுவும் கண்டிஞ்சென்சியில் சேரும்.

எழுத்து பற்றிக் கொஞ்சம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டியிருப்பது பலருக்குச் சொல்ல வெட்கப்படும் சுமை. வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தமிழில் ஆய்வேடு ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஆங்கிலம்தான் என்றால், முதலில் தமிழில் யோசித்து, தமிழில் பத்தி பத்தியாக வாதத்தை எழுதிவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். ஆங்கில வாக்கியத்தைத் தேடிக்கொண்டே யோசித்தால் யோசனை சிறுத்துவிடும். வாரம் ஒருநாள் நான்கு ஸ்காலர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு பக்கம் மாற்றிப் படியுங்கள். வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது. தாவரவியல் படிக்கும் தோழிக்கு உங்கள் பத்தி புரிந்தால் தேர்வாளருக்கும் புரியும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். நிதியில் அவ்வப்போது நடக்கும் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். பாடத்தைவிட, அங்கே உங்களைப் போலவே தடுமாறும் முப்பது பேரைப் பார்ப்பது பெரிய மருந்து.

பேப்பர் போடச் சொல்லி வாட்ஸாப்பில் வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். மூன்று நாளில் ஏற்பு, இரண்டாயிரம் ரூபாய், சான்றிதழோடு என்று வருபவை எல்லாம் உங்கள் பெயரைக் கெடுக்கும். 2022 விதிமுறையில் ஆய்வேடு தரக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசியக் கட்டாயம் நீங்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாமாகக் கேட்கலாம். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஒரு நல்ல கட்டுரை, நிதானமாக, மூன்றாம் ஆண்டில் வந்தால் போதும்.

அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தனிமை, பணமின்மை, கைடின் மௌனம் மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசகர் இருந்தால் நேரம் கேளுங்கள். அங்கே பேசுவது உங்கள் துறைக்குப் போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்கிற எண்ணம் ஒருமுறை வந்திருந்தால்கூட இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் 14416ஐ அழையுங்கள், அறைத் தோழியையும் எழுப்புங்கள். ஏரி நூற்றைம்பது வருடம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்.

முறைகேடு நடந்தால் எங்கே போவது என்பதையும் தேவை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். 2023 யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது, பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் ஒருவராவது இருக்க வேண்டும். குழு பதினைந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் அடுத்த பதினைந்து நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைப்பது, உதவித்தொகைத் தாமதம், பாகுபாடு எல்லாமே இதில் வரும்.

பாலியல் தொல்லை என்றால் இந்தக் குழு இல்லை, உள்ளகப் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆய்வாளர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புகார் உங்கள் வேலையை மதிப்பிடும் இடத்தில் இருப்பவர் மீது என்றால், விசாரணை முடியும்வரை அவர் உங்கள் பணியை மதிப்பிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்க முடியும். "கைடு மேல புகார் கொடுத்தா பிஎச்.டி. போச்சு" என்று சொல்லித்தான் பெண்களை வாயடைக்கிறார்கள். விதி எழுதியவர்கள் அந்தப் பயத்தை யோசித்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், முதல் வருடத்தில் எல்லாப் பெண்களுக்கும் தொடங்கும். அப்பா அம்மாவிடம் பேச உங்களுக்கு இரண்டு தகவல். பேறுகாலம் மற்றும் குழந்தை பராமரிப்புக்காகப் பிஎச்.டி. காலம் முழுவதற்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணத்தால் ஊர் மாற வேண்டி வந்தால், செய்த ஆய்வோடு புதிய ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போகவும் வழி இருக்கிறது. "கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும்" என்றோ "படிப்பு முடிந்தால்தான் கல்யாணம்" என்றோ யாரும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. எப்போது எது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஆராய்ச்சிப் பிரிவு. கன்ஃபர்மேஷன் கேள்வியோடு, "என் டி.சி. மினிட்ஸ் கோப்பில் இருக்கிறதா?" என்றும் கேட்டுவிடுங்கள். அன்று மதியம் நூலகம். புதன்கிழமைக்குள் அந்த ஒரு பக்கத் தாள். கைடிடம் கொடுக்கும் முன் யாராவது படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் எனக்கு அனுப்புங்கள். வியாழன் இரவு உட்கார்ந்து படித்து, ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன்.